மணமோதிரத்துக்கு எந்தப் பொன்?



தை பிறந்து, முகூர்த்த நாட்கள் தொடங்கிவிட்டன. கோயில் மண்டபங்களில் ஒரே காலை வேளையில் நான்கைந்து திருமணங்கள் நடைபெறுவதைக் காணும் பருவம் இது. வீடுகளில் பெரியோர் நகைக் கணக்குப் பார்க்கும் பருவமும் இதுவே. இவ்வாரம் நமக்கு வந்த கடிதங்களுள், திருச்சி மாவட்டத்திலிருந்து எழுபத்தெட்டு வயதான ஓர் அம்மையார் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்கிறோம். அவர் கேட்டிருப்பவை இன்று பல குடும்பங்களுக்கும் பொதுவான கேள்விகள்.

அவருடைய பேத்திக்கு மாசி மாதம் திருமணம். நான்கு ஆண்டுகளுக்கு முன் இறைவனடி சேர்ந்த தம் கணவர் வாழ்நாள் முழுவதும் அணிந்திருந்த அரைப் பவுன் மோதிரத்தை உருக்கி, மாப்பிள்ளைக்கு மணமோதிரம் செய்து போட வேண்டும் என்று அவர் எண்ணியிருந்தார். மணமக்களோ, இருவரும் ஒரே வடிவில் பிளாட்டினத்தில் மோதிரம் வாங்கிக்கொள்ள விரும்புகிறார்கள். இதற்கிடையில் உறவினர் ஒருவர், கணவரை இழந்தவர் கொடுக்கும் பொன் கலியாணக் காரியத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். “பேத்தி கேட்கும் வெள்ளை உலோகம் மங்கலத்துக்கு ஏற்றதா? என் கையிலுள்ள பொன் மங்கலத்துக்கு ஆகாததா? சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள்” என்று கேட்கிறார் அம்மையார்.

முதற்கேள்விக்கு முதலில் வருவோம்.

நம் மொழியில் பொன் என்ற சொல் தங்கத்தை மட்டும் குறிப்பதன்று. உலோகம் அனைத்துக்கும் அது பொதுப்பெயர். இரும்பைக் கரும்பொன் என்றும், வெள்ளியை வெண்பொன் என்றும் முன்னோர் வழங்கினர். கோயில்களில் உற்சவ மூர்த்திகளை ஐம்பொன் திருமேனி என்கிறோமே, அங்கும் பொன் என்றால் உலோகம் என்றே பொருள். இந்தப் பொன்களுள் எதை எங்கே அணிவது என்பதில் நம் வீடுகளில் ஒரு தெளிவான ஒழுங்கு உண்டு. கழுத்துக்குத் தங்கம், காலுக்கு வெள்ளி. தங்கம் மகாலட்சுமியின் உறைவிடமாகக் கருதப்படுவதால் அதை இடுப்புக்குக் கீழே அணிவதில்லை. அம்மி மிதிக்கும்போது மணமகன் மணமகளின் கால்விரலில் பூட்டும் மெட்டி வெள்ளியாக இருப்பது இதனாலேயே. இரும்பு சனீசுவரனுக்கு உரியதாகக் கருதப்படுவதால் மங்கல அணிகளில் இடம்பெறுவதில்லை.

திருமாங்கல்யத்தைத் தங்கத்தில் செய்வது நம் தலைமுறைகள் போற்றிவந்த மரபு. குலத்துக்கேற்ற வடிவமும் மரபினால் வருவது. அதில் மாற்றம் வேண்டியதில்லை என்பதே நம் கருத்து. ஆயினும் மரபு எவ்வளவு தங்கம் கேட்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தாலம் என்றால் பனை; பனையோலையைச் சுருட்டிக் கோத்ததே முற்காலத்துத் தாலி, அதனாலேயே அப்பெயர் வந்தது என்று கூறும் அறிஞர்களும் உளர். பொன் வாங்க இயலாதவர்கள் மஞ்சள் கிழங்கை மஞ்சள் கயிற்றில் கட்டித் திருமணம் நடத்துவதை நாம் இன்றும் காண்கிறோம். அவர்களுடைய திருமணம் எவ்வகையிலும் குறைவுடையது என்று எந்தப் பெரியவரும் சொன்னதில்லை. மதுரையில் சித்திரைத் திருவிழாவின்போது மீனாட்சி திருக்கல்யாணம் முடிந்ததும் ஆயிரக்கணக்கான சுமங்கலிகள் புதுக்கயிறு மாற்றிக்கொள்கிறார்களே, அன்று அவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வது பருத்தி நூலையும் மஞ்சளையும்தான்.

ஆண்டாள் நாச்சியார் தம் திருமணத்தைக் கனவாகக் கண்டு பாடிய ‘வாரணமாயிரம்’ நம் இல்லத் திருமணங்களில் ஓதப்படுகிறது. பூரண கும்பம், பந்தல், கூறைப் புடைவை, மாலை, காப்பு நாண், கைத்தலம் பற்றுதல், தீவலம், அம்மி மிதித்தல், பொரியிடுதல் என்று ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்லும் அப்பதிகத்தில் தாலியைப் பற்றிய சொல்லும் இல்லை, மோதிரத்தைப் பற்றிய சொல்லும் இல்லை. கரம் பற்றுவதும் அக்கினியை வலம் வருவதும் அங்கே திருமணத்தின் உயிர்நிலையாக நிற்கின்றன. நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இவ்வாறே பேசுகிறது. சப்தபதி முறையைக் கைக்கொள்வோர்க்கு ஏழாவது அடியை எடுத்துவைத்ததும் திருமணம் நிறைவெய்துகிறது என்பது 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம். சுயமரியாதைத் திருமணங்களுக்காக 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், மாலை அணிவித்தல், மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகியவற்றுள் ஒன்று போதும் என்கிறது. இவற்றுள் எங்கும் உலோகத்தின் பெயர் குறிக்கப்படவில்லை.

இனி மோதிரத்துக்கு வருவோம். நம் வைதிகச் சடங்குகளில் விரலில் அணியும் வளையம் ஒன்று உண்டு, அதுவே பவித்திரம். சங்கற்பம் செய்யும்போது மணமகன் மோதிரவிரலில் தரித்துக்கொள்வது தர்ப்பைப் புல்லால் முடிந்த அப்பவித்திரத்தைத்தான். அவ்வடிவத்தையே பொன்னில் செய்து அணிவாரும் உண்டு. கேரளத்துப் பையனூரில் அவ்வகைப் பவித்திர மோதிரம் செய்யும் கைத்தொழில் இன்றும் புகழுடன் விளங்குகிறது. ஆயினும் சடங்குக்கு உரியது புல்லே. அரசரானாலும் ஆண்டியானாலும் அக்கினிக்கு முன் அமரும்போது புல்மோதிரம் அணிந்தே அமர வேண்டும் என்று வகுத்த முன்னோரின் உள்ளம் எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

திருமணத்துக்குப் பின், நீர் நிறைந்த குடத்தில் மோதிரத்தைப் போட்டு மணமக்களைத் தேடச் சொல்லும் விளையாட்டும் நம் வீடுகளில் உண்டு. ஒருவரையொருவர் அறியாத இருவரின் கைகள் கூச்சம் நீங்கிப் பழகுவதற்காக ஏற்பட்டது அது. நிச்சயதார்த்தத்தில் இருவரும் மோதிரம் மாற்றிக்கொள்வது பெருவழக்கானது அண்மைக் காலத்தில்தான். ஆகவே மணமோதிரம் இன்ன உலோகத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதிக்கும் பழைய வாக்கியம் எதையும் நாம் தேட வேண்டியதில்லை. அது அன்பின் அடையாளமாக அணிவது. அணிகின்றவர்களின் விருப்பத்துக்கு உரியது.

பிளாட்டினம் நம் முன்னோர் அறிந்த ஐம்பொன்னில் சேர்ந்ததன்று. தென் அமெரிக்காவின் ஆற்று மணலில் தங்கத்தோடு கலந்து கிடைத்த வெண்ணிற உலோகத்தை ஸ்பானியர் ‘பிளாட்டினா’, அதாவது சின்ன வெள்ளி, என்று அழைத்தனர். உருக்க முடியாத தொல்லையாகவே அதை முதலில் கருதினர். அந்தோனியோ டி உல்லோவா என்ற ஸ்பானிய அறிஞர் 1748இல் வெளியிட்ட நூலின் வழியே ஐரோப்பாவில் அதைப் பற்றிய செய்தி பரவிற்று. ஆகவே நம் பழைய நூல்கள் அதை விதிக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. வெண்ணிறமானது என்பதாலேயே அமங்கலம் என்று சொல்வதற்கும் இடமில்லை. வெள்ளியும் வெண்ணிறமே, அதில்தான் சுவாமிக்குக் கவசம் சாத்துகிறோம், குத்துவிளக்கு ஏற்றுகிறோம், மெட்டி பூட்டுகிறோம்.

சாஸ்திரம் தடை செய்யவில்லை என்றாலும், வாங்குமுன் உலகியலில் அறிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. பேத்திக்கு அம்மையார் இவற்றை எடுத்துச் சொல்லலாம்.

தங்கம் 1,064 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகும்; நம்மூர்ப் பத்தர் தம் பட்டறையிலேயே அதை உருக்கிவிடுவார். பிளாட்டினம் உருகுவதற்கு 1,768 டிகிரி வேண்டும். அதற்குத் தனி உலையும் தனிப் பயிற்சியும் தேவை. இளமையில் செய்த மோதிரம் நாற்பது வயதில் விரலுக்குப் போதாமற் போவது இயல்பு. தங்கமானால் உள்ளூரிலேயே பெரிதாக்கிக்கொள்ளலாம். பிளாட்டினமானால் வாங்கிய கடைக்கே பெரும்பாலும் எடுத்துச் செல்ல நேரும். இப்போது இளைஞர்கள் விரும்பும் டங்ஸ்டன் மோதிரத்தையோ பெரிதாக்கவே முடியாது.

கிராம் விலையில் பிளாட்டினம் பல ஆண்டுகளாகத் தங்கத்தைவிடத் தாழ்ந்தே நிற்கிறது. ஆனால் அது தங்கத்தினும் அடர்த்தி மிக்கது. அதே அளவில் செய்த மோதிரம் எடை கூடியிருக்கும், செய்கூலியும் கூடுதல். அவசரத்துக்கு விற்கவோ அடகு வைக்கவோ தங்கத்துக்கு உள்ள வசதி அதற்கு இல்லை. நகைக்குரிய பிளாட்டினத்தில் 950 என்ற முத்திரை இருக்க வேண்டும். ஆயிரம் பங்கில் 950 பங்கு தூய பிளாட்டினம் என்பது அதன் பொருள். வெள்ளைத் தங்கம் என்பது வேறு. அது தங்கத்தோடு நிக்கல் அல்லது பல்லேடியம் கலந்து, மேலே ரோடியம் பூசியது. பூச்சு தேயத் தேய மஞ்சள் நிறம் தெரியும். நிக்கல் கலந்ததானால் சிலருக்கு விரலில் அரிப்பு உண்டாகும். இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாறக் கூடாது.

தங்கமே வாங்குவதானால் 22 காரட்டுக்கு 916 என்ற முத்திரை வேண்டும். நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், எஞ்சியது பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். 24 காரட் தங்கம் மிகவும் மென்மையானது. அன்றாடம் அணியும் மோதிரத்துக்கு உறுதி போதாது. கல் பதிக்கும் மோதிரங்கள் 18 காரட்டில், அதாவது 750 முத்திரையோடு வருவதும் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணச் சின்னம், தூய்மை எண், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறி ஆகிய மூன்றும் நகையில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து இந்த ஆறெழுத்துக் குறி கட்டாயம் ஆக்கப்பட்டுள்ளது. கைப்பேசி அறிந்த பேரப்பிள்ளைகள் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்ற செயலியில் அக்குறியை இட்டு உடனே சரிபார்த்துத் தருவார்கள். 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சிறிய திருமாங்கல்யம் பெரும்பாலும் அந்த எடைக்குள் அடங்கிவிடுவதால், அதை நம்பிக்கையான இடத்தில் செய்யக் கொடுப்பதும் தூய்மையைச் சோதித்துப் பெறுவதும் அவசியம்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் மணமக்கள் பிளாட்டினத்தையே விரும்பினால், மகிழ்ச்சியோடு இசைவதே பெரியோர்க்கு அழகு. நாள்தோறும் அணியப் போகிறவர்கள் அவர்கள். விருப்பமில்லாமல் அணியும் மோதிரம் சில மாதங்களில் பெட்டிக்குள் போய்விடும்.

அம்மையாரின் இரண்டாவது கேள்வி நம் நெஞ்சைத் தொட்டது. கணவரை இழந்தவர் கொடுக்கும் பொன் மங்கலத்துக்கு ஆகாது என்ற சொல்லுக்கு நாம் அறிந்தவரை ஆதாரம் எதுவும் இல்லை. கறை படியாத பொற்பாத்திரம் வெறும் நீராலேயே தூய்மையாகிவிடும் என்று மனு தர்ம சாஸ்திரம் கூறுகிறது. உலோகங்களுள் தோஷம் ஒட்டாதது பொன் என்பதே அதன் கருத்து. அதற்கு மேலும், உருக்கப்பட்ட பொன் அக்கினியில் புகுந்து வெளிவந்த பொன். மணமக்கள் வலம் வரும் அக்கினியும் பத்தரின் உலையில் எரியும் அக்கினியும் ஒரே தேவன் அல்லவா?

கோயிலை நினைத்துப் பாருங்கள். உண்டியலில் விழும் தோடும் மூக்குத்தியும் தாலிக்காசும் யார் கையிலிருந்து வந்தவை என்று யாரும் கேட்பதில்லை. மகனை இழந்த தாய் இட்டது இருக்கும். கணவரை இழந்த பெண் தன் திருமாங்கல்யத்தையே அம்மனுக்கு அர்ப்பணித்தது இருக்கும். தமிழகத் திருக்கோயில்களில் காணிக்கையாக வந்து பயன்பாடின்றி இருந்த பொன்னை மும்பையிலுள்ள அரசு உருக்காலையில் கட்டிகளாக்கி, பாரத ஸ்டேட் வங்கியில் வைப்பாக இட்டு, வரும் வட்டியைக் கோயில் திருப்பணிக்குப் பயன்படுத்தும் ஏற்பாடு 2021இல் திருவேற்காடு, சமயபுரம், இருக்கன்குடி ஆகிய அம்மன் தலங்களை முன்னிட்டுத் தொடங்கப்பட்டது. கோயில்களில் ஏழை மணமக்களுக்கு இலவசத் திருமணம் நடத்தி, தங்கத் திருமாங்கல்யமும் வழங்குகிறார்கள். பொன் கொடுத்த கை யாருடையது என்று அம்பிகை பார்ப்பதில்லை என்றால், நாம் பார்ப்பது எவ்வாறு தகும்?

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் பொன்னுருக்கல் என்றொரு சடங்கு உண்டு. திருமணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து, தாலிக்குரிய பொன்னை உற்றார் முன்னிலையில் உருக்குவார்கள். பொன் உருகும் அந்த வேளையைத் திருமணத்தின் தொடக்கமாகவே போற்றுவார்கள். நாமும் அதைப் பின்பற்றினால் என்ன என்று தோன்றுகிறது.

அம்மையாருக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். தங்கள் கணவரின் மோதிரம் மணமோதிரமாகத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பெண் வீட்டார் ஒன்றும் பிள்ளை வீட்டார் ஒன்றுமாக இரண்டு திருமாங்கல்யம் கோக்கும் வழக்கம் தங்கள் குலத்தில் இருக்குமானால், பெண் வீட்டுத் திருமாங்கல்யத்தை இப்பொன்னில் செய்யலாம். பிள்ளை வீட்டார் மட்டுமே தாலி கொண்டுவரும் குலமானால், தாலியின் இருபுறமும் கோக்கும் குண்டும் காசும் இதில் செய்யலாம். நான்கு கிராம் அதற்குப் போதும். பழைய மோதிரத்தில் பற்றவைத்த பகுதி இருந்தால் தூய்மை சற்றுக் குறையும். ஆகவே முதலில் சோதிக்கச் செய்து, எடை பார்த்து, தங்கள் கண்முன்னே உருக்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளையும் பேத்தியும் தாங்கள் விரும்பிய பிளாட்டினம் மோதிரத்தை மாற்றிக்கொள்ளட்டும். தாத்தாவின் பொன் பேத்தியின் நெஞ்சுக்கு நெருக்கமாக இருக்கும்.

அப்பொன்னைப் பிறர் மூலம் கொடுத்தனுப்பாமல் தாங்களே மணமகளின் கையில் கொடுங்கள். கொடுக்கும்போது ஒதுங்கி நிற்க வேண்டாம். ஒரு மனிதரோடு நெடுங்காலம் இல்லறம் நடத்தி, அவருடைய கடைசி நாள்வரை உடனிருந்து பணிவிடை செய்த ஒருவரைவிட இல்லறத்தின் அருமை அறிந்து ஆசி கூறத் தக்கவர் அந்தப் பந்தலில் வேறு யார்? மணமக்கள் முதலில் தங்கள் காலில் விழுந்து வணங்கட்டும்.

மற்ற அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எந்த உலோகம் என்று ஆராய்வதற்கு முன், எவ்வளவு என்பதை ஆராயுங்கள். பவுன் விலை ஏறியிருக்கும் இந்நாளில், ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காகக் கடன் வாங்கி நகை செய்து, அந்தக் கடனையே மணமக்களுக்குச் சீராகக் கொடுத்தனுப்பும் குடும்பங்கள் உண்டு. வரதட்சிணையும் ஆடம்பரமும் இல்லாத எளிய திருமணத்தைக் காஞ்சி மகா பெரியவர் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தி வந்தார். பிள்ளை வீட்டுப் பெரியவர்கள், “எங்களுக்குப் பவுன் கணக்கு வேண்டாம்” என்று ஒரு வார்த்தை சொன்னால், பெண்ணைப் பெற்றவர்கள் அன்றிரவு நிம்மதியாக உறங்குவார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு ஈடான பொன் எந்தக் கடையிலும் இல்லை.

மாசியில் மணம் காணவிருக்கும் அக்குழந்தைகளும், இவ்வாண்டு இல்லறம் புகும் அனைவரும், கையில் அணிவது எதுவாயினும் பற்றிய கையை விடாது நீடூழி வாழ, கலியாண சுந்தரரும் அன்னை கோகிலாம்பிகையும் அருள்வார்களாக.